இடிக்கலாமா, இருக்கட்டுமா?

கோவளத்தை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் போன மாதம் என் கைக்கு வந்தது. பயிர், பூச்சி, உரம் என்று எதுவும் அதில் இல்லை. வீட்டைப் பற்றிய கேள்வி. சுருக்கித் தருகிறேன்.

'ஐயா, எங்கள் மாமனாரின் அப்பா கட்டிய நாட்டு ஓட்டு வீடு. கடலிலிருந்து அரை மைல் இருக்கும். வீட்டைச் சுற்றி 80 சென்ட். தென்னை, கொஞ்சம் கத்திரி, மார்கழிப் பட்டத்தில் வேர்க்கடலை போடுகிறோம். என் கணவர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. வீடு எனக்கும் என் கொழுந்தனாருக்கும் பொது. அவர் வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட்டில் நாலு ரூம் கட்டி, சனி ஞாயிறு கடலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை செய்யும் என் மகன் வேறு மாதிரி சொல்கிறான். அவனுடைய மேலதிகாரி ஊருக்குப் போனபோது கடலோரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் தங்கி, அந்தப் படங்களைக் காட்டினாராம். அங்கே பழைய வீட்டில் பாயில் படுக்கத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்களாம். இது நிஜமா? நான் இடிக்கச் சம்மதிக்கலாமா?'

தபாலில் இரண்டு வரி எழுதி முடிக்கிற கேள்வி இல்லை இது. ஒரு சனிக்கிழமை நேரில் போனேன்.

வீடு நன்றாகத்தான் இருக்கிறது. தெருத் திண்ணை, நடை, நடுவில் சின்ன முற்றம், சுற்றித் தாழ்வாரம். பனஞ்சட்டம் வைத்த கூரை. கிழக்குப் பக்கம் ஒரு சட்டத்தின் நுனி செல்லரித்து, அந்த இடத்தில் ஓடு பள்ளம் விழுந்திருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது கூரை முனையில் ஓடுகள் பறந்தனவாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் பக்கத்திலேயே கரை கடந்தது. அப்போதும் ஐம்பது ஓடுகூடப் போகவில்லை என்றார் அந்த அம்மா. எனக்கு உறுத்தியது வேறொன்று. தெற்குச் சுவரில் மூன்று வருடம் முன்பு கொழுந்தனார் சிமென்ட் பூசியிருக்கிறார். அவர் கொத்தனார். கை சுத்தமான வேலை. ஆனால் அந்தச் சுவர் மட்டும் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்து கிடக்கிறது. பக்கத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே நிற்கிறது.

'சிமென்ட் மோசமில்ல சார், சுவர்தான் பழசு' என்றார் அவர்.

உண்மையில் இரண்டையும் சேர்த்ததுதான் தப்பு. மண்ணும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெளியிலும் விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமென்ட் விடாது. உள்ளே சிக்கிய ஈரத்தில் உப்பும் சேர்ந்து, காயும்போது படிகமாகி, பூச்சையே உந்தித் தள்ளும். நம் களர் நிலத்தில் மேலே வெள்ளையாகப் பூக்கிறதே, அதே கதைதான் சுவரில். உப்பு நிலத்தில் வடிகாலை அடைத்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அவருடைய கான்கிரீட் யோசனைக்கு வருவோம். கடலோரத்தில் கான்கிரீட் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டினால் எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், கூடினால் கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரை மணல், உப்புக் கிணற்று நீர் இரண்டும் அதற்கு வேகம் கொடுப்பவை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. அந்த வீட்டுக் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிப்பு தெரிகிறது. பாட்டிலில் பிடித்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கத்திரிக்கும் அந்தத் தண்ணீரைத்தானே பாய்ச்சுகிறார்கள், ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

அன்று மதியம் இருவரையும் அழைத்துக்கொண்டு முட்டுக்காடு போனேன். கோவளத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தட்சிணசித்ரா இருக்கிறது. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அந்த அம்மா உள்ளே போனதில்லை. பலருக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெளிநாட்டுக்காரர்களும் போகிற இடம் என்று நாம் நினைத்துவிட்டோம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்துவது. டெபோரா தியாகராஜன் முயற்சியில், லாரி பேக்கரின் யோசனைகளோடு உருவாகி 1996-ல் திறந்தார்கள். பத்து ஏக்கரில், தென்மாநிலங்களின் 18 பழைய வீடுகள். பல வீடுகள் இடிப்பதற்கு இருந்தவை. அவற்றை வாங்கி, சட்டம் சட்டமாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து அந்தந்த ஊர் ஆட்களின் கைவேலையோடு மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

தஞ்சாவூர் விவசாயி வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார். தூணைத் தொட்டுப் பார்த்தார்.

'சார், இது எங்க வீடு மாதிரியே இருக்கே. இதுக்கா டிக்கெட்டு?'

எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுந்தனாருக்கு வரவில்லை. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே எனக்குப் பிடித்த வீடு வேறு. விசாகப்பட்டினம் மாவட்டத்து அரிபுரம் என்ற கடலோர ஊரிலிருந்து வந்தது, தெலுங்கில் சுட்டில்லு என்பார்கள். சுற்று வீடு என்று பொருள். வட்டமான மண்சுவர், அதன்மேல் கூம்பாக ஓலைக் கூரை. கூரை விளிம்பு ஏறக்குறைய தரையைத் தொடுகிற மாதிரி இறங்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். புயல் அடிக்கிற கரையில் காலம்காலமாகக் கண்டுபிடித்த வடிவம் இது. காற்றுக்கு முட்ட ஒரு மூலை கிடையாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். கூரை விளிம்பு தாழ்ந்திருப்பதால் அடியில் புகுந்து தூக்கவும் முடியாது. புயலில் கூரை போவது பெரும்பாலும் மேலிருந்து அமுக்கி அல்ல, அடியிலிருந்தும் மேலிருந்தும் இழுத்துத் தூக்கித்தான். கொத்தனார் அதைச் சுற்றி இரண்டு முறை வந்தார். 'விளிம்பைத் தாழ்த்தினா போதும்போல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு நான் பேசிய எல்லாவற்றையும்விட அந்த வீடு அவரிடம் நன்றாகப் பேசியது.

கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த வீட்டில் மரத்தாலான நெல் அறையைக் காட்டினேன். வீட்டின் நடுநாயகமே தானியம்தான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிடும். எங்கள் சொந்த ஊர் மதுராந்தகத்துக்கு உள்ளே. 1998-ல் எங்கள் ஓட்டு வீட்டை இடித்து மாடி போட்டோம். அப்பாவுக்கு இஷ்டமில்லை. படித்த பிள்ளை, அதிகாரி வேறு, நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுக்கொடுத்தார். ஆள் உயரக் குதிர் ஒன்று இருந்தது. புது வீட்டின் வாசல் வழியாக அது நுழையவில்லை, உடைத்துப்போட்டார்கள். அடுத்த பட்டத்துக்கு விதைக்கடலையை மாடி அறையில் மூட்டையில் வைத்தோம். சித்திரை வெயிலில் காங்கை மேலிருந்து இறங்கி இறங்கி, ஆடியில் விதைத்தபோது பாதி முளைக்கவில்லை. விதைக்கடலையைச் சூடு படாத இடத்தில் தோலோடு வை என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் வீட்டில்தான் அது நடந்தது. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திண்ணை இல்லாத வீட்டில் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு பத்து வருடம் உட்கார்ந்திருந்தார்.

அதனால் இந்தக் கேள்விக்கு நான் நடுநிலையாகப் பதில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இனி, அந்தப் பையன் காட்டிய படங்களைப் பற்றி. அவன் சொன்னது நிஜம்தான். நான் ஜப்பான் போனதில்லை. படித்து அறிந்ததைச் சொல்கிறேன். கியோட்டோ மாகாணத்தில் இனே என்ற மீனவர் ஊர். கடல் விளிம்பிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட மரவீடுகள், கீழே படகு நிறுத்துகிற இடம், மேலே ஆள் புழங்குகிற இடம். இன்று அவற்றில் சில தங்கும் விடுதிகள். ஆனால் நமக்குப் பொருத்தம் தெற்குக் கோடியில் ஒகினாவாவைச் சேர்ந்த தாகெத்தோமி என்ற குட்டித் தீவு. சுற்றிவந்தால் ஒன்பது கிலோமீட்டர்தான். வெப்பமான ஊர், வருடா வருடம் புயல். வீடுகள் தாழ்வான ஓட்டு வீடுகள். சிவப்பு ஓடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பூசியிருப்பார்கள், காற்று ஓட்டைக் கிளப்ப முடியாது. அந்தச் சாந்தில் என்ன கலக்கிறார்கள் தெரியுமா? பவளப்பாறைச் சுண்ணாம்பும் வைக்கோலும். வீட்டைச் சுற்றிப் பவளக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில். காற்று இடுக்கில் புகுந்து வேகம் தணிந்து வரும். அதற்கும் வெளியே புக்குகி என்று ஒரு மரத்தை நெருக்கமாக நடுகிறார்கள். தடித்த இலை, உப்புக் காற்றைத் தாங்கும். குடம்புளி இனத்து மரம் அது. பழைய தாவரவியல் நூல்களில் நம் புன்னையும் அதுவும் ஒரே குடும்பம்.

வீட்டின் வெளி ஓரத்தில் மரப்பலகைத் தாழ்வாரம், நம் திண்ணைக்குத் தம்பி. தரையில் பாய். ஜப்பான் பாய் நம்முடையதைப் போல மெல்லியது இல்லை. அடியில் நெல் வைக்கோலை இறுக அமுக்கித் தைத்த மெத்தை, மேலே கோரை மாதிரி ஒரு புல்லில் நெய்த உறை. அந்தப் புல்லை வயலில் நட்டு வளர்க்கிறார்கள், குமமோட்டோ மாகாணத்தில் அதுவே ஒரு பயிர். முசிறி, கரூர்ப் பக்கத்தில் நம்மவர்கள் கோரை போடுவதைப் போல. ஆக, காசு கொடுத்து வருகிறவர் படுப்பது விவசாயியின் வைக்கோல்மேல்.

ஆனால் அந்தத் தீவில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஓட்டையோ பாயையோ இல்லை. ஒகினாவா 1972-ல் அமெரிக்கா கையிலிருந்து ஜப்பானுக்குத் திரும்பிய சமயத்தில் வெளியூர்க் கம்பெனிகள் வந்து தீவில் நிலத்தை வாங்கத் தொடங்கின. ஊர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1986-ல் ஊர் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். தீவை விற்பதில்லை, அசுத்தம் செய்வதில்லை, ஒழுங்கைக் கெடுப்பதில்லை, இடிப்பதில்லை, இருப்பதைப் பயன்படுத்தி வாழ்வது. அடுத்த ஆண்டு ஜப்பான் அரசு அந்தக் கிராமத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. இன்று வருகிறவர்களுக்கு அறை கொடுத்துச் சோறு போட்டு ஊர்க் குடும்பங்கள் பிழைக்கின்றன. சாசனத்தில் விற்பதில்லை என்பது முதலில் இருப்பதைக் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது, அலைச்சறுக்குப் பழக வருகிறவர்கள் கூட்டமும் இருக்கிறது. தரகர் வந்து விலை கேட்டாரா என்றேன். 'மாசத்துக்கு ஒருத்தர் வர்றாங்க' என்றார் அந்த அம்மா.

கொழுந்தனார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் சொன்னார். 'சார், இந்த வீட்டுக்கு வருஷா வருஷம் கூரை ஏறணும். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. எனக்கப்புறம் ஏர்றதுக்கு ஆள் கிடையாது. கான்கிரீட்னா முப்பது வருஷத்துக்குத் தொட வேண்டாம். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும். கைல காசு பார்க்கணும்.' ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஜப்பானிலும் இதே பாடுதான். ஷிரகவாகோ என்ற மலைக்கிராமத்தில் புல் வேய்ந்த கூரையை மாற்ற ஊரே கூடும், இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று. நாற்றுநடவில் நம்மிடமும் இருந்த பழக்கம்தான். முப்பது வருடம் தொட வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. உப்புக் காற்றில், உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட் அவ்வளவு காலம் சும்மா இருக்காது. அவருக்கே அது தெரியும்.

சகோதரிக்கு என் பதில் இதுதான். வீட்டை இடிக்கச் சம்மதிக்க வேண்டாம். விருந்தினருக்கு விடும் யோசனையையும் கைவிட வேண்டாம்.

முதல் செலவு கழிப்பறைக்கு. வெளியூர்க்காரர் திண்ணையை ரசிப்பார், பாயில் படுப்பார், ஆனால் கழிப்பறை சரியில்லை என்றால் மறுமுறை வரமாட்டார். அதை வீட்டோடு ஒட்டாமல் பின்பக்கம் தனியாகக் கட்டுங்கள், கொழுந்தனாரின் சிமென்ட் வேலைக்கு அதுதான் இடம். மலத்தொட்டி கிணற்றைவிட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். மணற்பாங்கான நிலம், கசிவு சீக்கிரம் ஓடும்.

தெற்குச் சுவரின் சிமென்டை முழுவதும் கொத்தி எடுத்து ஒரு கோடை காய விடுங்கள். அதன்பின் சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் விடாதீர்கள். செல்லரித்த சட்டத்தை மாற்றி, புதுச் சட்டத்தின் நுனிகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுங்கள். படகுக்குப் பூசுகிறோமே, அதேதான், கையில் பட்டால் வெந்துவிடும், பார்த்து. கூரையின் விளிம்பில் இரண்டு வரிசை ஓட்டையும் முகட்டு ஓட்டையும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துவிட்டால் பெருங்காற்றில் முதலில் கிளம்புகிற இடம் கெட்டியாகும். தாகெத்தோமிக்காரர்கள் கூரை முழுக்கச் செய்வதை நாம் ஓரத்தில் செய்தாலே பாதி பயம் போய்விடும். எல்லாம் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஐப்பசி மழையில் கூரையைத் திறந்து வைக்க முடியாது.

காற்றுத் தடுப்புக்கு வருகிறேன், இதுதான் என் சொந்தத் துறை. வீட்டுக்கு ஒட்டிச் சவுக்கு வைத்திருக்கிறீர்கள். அது வேர் ஆழம் போகாத மரம், புயலில் சாயும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரமாவது வீட்டைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். கிட்ட இருப்பதை இந்த வருடமே வெட்டி விற்றுவிடுங்கள், கழிப்பறைச் செலவுக்கு ஆகும். கடல் பக்க வேலியில் தாழை, அதற்கு உள்ளே புன்னையும் பூவரசும் கலந்து, நடுநடுவே பனை. இருக்கும் பனையைத் தொடாதீர்கள், வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். மரத்தை மதில்போல அடைத்து நடவும் கூடாது. பாதிக் காற்று ஊடே வர வேண்டும், முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும், கத்திரிச் செடி படுத்துவிடும். நல்ல தடுப்பு தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். தென்னைக்கும் கத்திரிக்கும் அதுவே காப்பு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அரை மைல் என்கிறீர்கள், அதற்கு வெளியேதான் இருப்பீர்கள். ஆனால் முட்டுக்காடு கழிக்கு ஓரமாக உங்கள் கொல்லை இருக்கிறது. அலை ஏறி இறங்குகிற நீர்நிலை ஓரத்துக்கும் 50 மீட்டர் அல்லது அந்த ஓடையின் அகலம், எது குறைவோ அதுவரை விதி உண்டு. புதிதாக எதையும் கட்டுமுன் ஊராட்சியிலும் திருப்போரூர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சர்வே எண்ணைச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விருந்தினருக்கு விடுவதைச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யலாம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை, உங்களுக்கு அதில் சிரமம் இல்லை. சமைத்துப் போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு தனி. மகனின் மேலதிகாரி போல வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மகனே செல்போனில் செய்துவிடுவான்.

வருமானம் எவ்வளவு வரும் என்று கேட்டீர்கள். ஒரு அறையில் ஆரம்பியுங்கள், ஒரு பட்டம் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். மழை மாதங்களில் ஆள் வராது. அப்போது அந்த அறையில் விதை வைத்துக்கொள்ளலாம். கடனை வாங்கி நாலு அறையும் கட்டிவிட்டு ஐப்பசியில் வட்டி கட்டுவது வேறு விஷயம். கல்யாணச் செலவுக்குப் பணம் பார்க்க இது குறுக்கு வழி இல்லை என்பதைக் கொழுந்தனாரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரிக்கிற வேலையை ஒரு வருடம் தள்ளி வைக்கலாம், அதற்குள் பாகத்தை எழுத்தில் பிரித்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அண்ணியிடம் சொன்னார். அதை அவசியம் செய்யுங்கள். பொதுவில் கிடக்கிற வீட்டுக்கு யாரும் மனசு வைத்து ஓடு மாற்றமாட்டார்கள்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. சிமென்டை அவரே கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாராம். கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது, கட்டடத்துக்கு ஆகாது. கத்திரிக்கு எந்த அளவு உப்பு தாங்கும், சொட்டு நீரில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்தும் இதே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறது. மூவருக்கும் சேர்த்து அடுத்த இதழில்.